பூசணி வழித்த தட்டு

பூசணிக்கு ஏற்றிய மருந்தில் பூசணிக்கு ஒரு முடிகூடக் கொட்டவில்லை, கொட்டியதெல்லாம் எங்களுக்குத்தான்.

இதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் கேட்கிறவர்கள் முதலில் என் தலையைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு வேளாங்கண்ணியா பழனியா என்று கேட்கிறார்கள், நாய்க்காக என்கிறேன், சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தண்ணீரின் நிறத்தில் வருகிறது, அவர்களுக்குச் சிரிக்க நேரமிருக்கிறது.

எங்கள் தெரு, கடல் பொங்கி வந்த வருஷத்துக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ். நூற்றுப் பன்னிரண்டு வீடு, முனையில் கிளாரன்ஸ் அண்ணனின் மளிகைக்கடை, பின்னால் உப்பங்கழி, உப்பங்கழிக்கு அந்தக் கரையில் சாயக் கம்பெனி. கம்பெனி வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் கிழமை படித்தார்கள்: மஞ்சளாக ஓடினால் திங்கள், ரோஸாக ஓடினால் புதன், கத்தரிப்பூ நிறத்தில் ஓடினால் சனி, ஞாயிற்றுக்கிழமை வெறும் நுரை. அந்தத் தண்ணீரில்தான் எங்களுக்கு மடவை மீன் கிடைத்தது, அந்தத் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி எங்கள் கைப்பம்பில் ஊறியது, அந்தக் கம்பெனியின் கேட்டில்தான் என் புருஷன் டொமினிக் செக்யூரிட்டியாக நின்றார், ஆகையால் எங்கள் வீட்டில் கிழமைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பூசணி யாருடைய நாயும் இல்லை. ‘தெருநாய்களுக்கு உணவிடாதீர்’ என்று சங்கத் தலைவர் கிளாரன்ஸ் அண்ணன் தன் கடைச் சுவரிலேயே பச்சை பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார், நூற்றுப் பன்னிரண்டு வீடும் அதற்குக் கட்டுப்பட்டது, யாரைக் கேட்டாலும் சீச்சீ நான் போடுவதில்லை என்றார்கள், ஆனாலும் அந்தச் செவலை நாய் வருஷா வருஷம் உருண்டு திரண்டு பூசணிக்காய் மாதிரி ஆனது. எதைத் தின்று இது இப்படிப் பெருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு கோடையில் பூசணியின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது, வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பெண்கள் எல்லோரும் அது சினையாயிருக்கிறது என்று முடிவு செய்தோம். என் மகள் ஜெர்லின் தன் ரப்பர் வளையலை அதன் முன்னங்காலில் மாட்டி வளைகாப்பு செய்தாள். ஒரு மாசம், இரண்டு மாசம், நாலு மாசமும் ஆயிற்று.

“நாய் ரெண்டு மாசத்துல குட்டி போட்டுடும்டி. இது என்னா யானையா?” என்றார் மீன் விற்கிற கன்னியம்மாக்கா.

அன்றைக்கு மத்தியானமே பூசணி என் வாசலில் வந்து ரத்தமாக வாந்தியெடுத்தது. நான் விளக்குமாற்றை ஓங்கினேன், மறைக்கவில்லை, ஓங்கினேன். அதற்குள் ஜெர்லின், நாலரை வயசு, எலும்பும் தோலுமான என் பிள்ளை, பூசணிமேல் விழுந்து கட்டிக்கொண்டு, அவளைப் பெற்ற நாளிலிருந்து நான் கேட்டிராத குரலில் அலறினாள். அந்த அலறலைத் தாங்க முடியாமல்தான் ஷேர் ஆட்டோவில் நாயையும் பிள்ளையையும் போட்டுக்கொண்டு ஜில்லா தலைநகரத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன், நாயின்மேல் இரக்கப்பட்டு அல்ல.

டாக்டரம்மா பெயர் மங்கையர்க்கரசி. வயிற்றைத் தடவினார், ஸ்கேன் எடுத்தார், படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினார், மறுநாளே அறுத்தார்.

“குடல்ல கட்டி. எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சு, அது அடைச்சுத்தான் வயிறு ஊதியிருக்கு” என்றார். “இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை, அந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை சேர்த்து வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சிருக்கேன். அஞ்சு நாளைக்குத் தையல் கசியாம இருந்தாப் பிழைச்சுக்குவா. இவளுக்கு யாரு சோறு போடறது? என்ன போடுவீங்க?”

“யாரும் போடறதில்ல டாக்டர்.”

கான்வென்ட்டில் ஜெபம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னால் சிஸ்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். 

தையல் கசியவில்லை. பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது: புற்றுநோய், பக்கத்து நெறிக்கட்டிவரைக்கும் போயிருக்கிறது, கீமோ கொடுக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியே கொடுத்துவிடும், நான் கூட்டிவந்தால் போதும், இரண்டு மூன்று நாளைக்கு நாயின் மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் கழுவ வேண்டும்.

“முடியெல்லாம் கொட்டிடுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நாய்க்கு அப்படிக் கொட்டாதும்மா, மீசை ரெண்டு உதிரலாம். முடி கொட்டறது மனுஷங்களுக்குத்தான்.”

அவர் சொன்னது அப்படியே நடந்தது.

முதல் ஊசி போட்ட ஒன்பதாம் நாள், கிளாரன்ஸ் அண்ணன் டீ குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தபோது அவருடைய மீசை கிளாஸிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் முறுக்கினால் எலுமிச்சம்பழம் நிற்கிற மீசை, தேர்தல் போஸ்டரில் அவர் முகத்தைவிடப் பெரிதாகப் போட்ட மீசை. நாய்களைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி நகராட்சிக்கு மூன்று மனு எழுதியவர், கடையைச் சாத்திய பிறகு பின்கதவு வழியாகப் பொறையும் பன்னும் பாலில் நனைத்து ஐந்து வருஷமாகப் போட்டு வந்திருக்கிறார், அவர் மனைவிக்கே தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் கன்னியம்மாக்காவின் கொண்டை அவிழ்ந்து மீன்கூடையில் விழுந்தது. மறுநாள் தபால்காரருக்குப் புருவம் போனது. பூசணியோ புது நாய் மாதிரி பளபளவென்று வாலை ஆட்டிக்கொண்டு தெருவில் திரிந்தது.

முதலில் எல்லோரும் தண்ணீர் என்றார்கள், பிறகு ஷாம்பு என்றார்கள், பிறகு கன்னியம்மாக்கா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கைப்பம்படியில் சொன்னார்:

“ஏன்டி மூடி மறைக்கிறீங்க? யாரு யாரு அதுக்குப் போட்டாங்களோ அவங்களுக்குத்தான் கொட்டுது. எவ்ளோ போட்டோமோ அவ்ளோ கொட்டுது. நான் தலையும் குடலுமா கூடைக்கணக்குல போட்டேன், எனக்கு மொத்தமா போச்சு. அவ்ளோதான்.”

இதற்கு எவரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட எங்களுக்கு அவகாசமில்லை, யார் யார் பொய் சொன்னார்கள் என்று பார்ப்பதிலேயே தெரு மும்முரமாயிருந்தது. நாயைக் கல்லால் அடித்த ஆட்டோக்கார செல்லப்பன் முழு மொட்டையாக வந்து நின்றார். பூசணியோடு செல்ஃபி எடுத்து எடுத்துப் போட்ட ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரு முடிகூட உதிரவில்லை, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் போய் மழித்துக்கொண்டு வந்தார், மூன்றாம் நாளே கறுகறுவென்று முளைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. “டீச்சருக்கு மட்டும் உரம் போட்ட மண்ணு” என்றார் செல்லப்பன். நாற்பத்து மூன்றாம் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் பாதிப் பேருக்குப் புருவம் இல்லாததைக் கண்டு இந்த ஊர் வழக்கம்போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள், மரியாதை தெரிந்த குடும்பம், கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் புருவத்தை எடுத்துவிட்டே மேடையேறினான்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பதினோராம் நாள் காலையில் ஜெர்லினுக்குத் தலை வாரினேன், முடி சீப்போடு வந்தது, சீப்பை வைத்துவிட்டுக் கையால் கோதினேன், கையோடு வந்தது. பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தது. அரைமணி நேரத்தில் என் பிள்ளையின் தலை பிறந்த அன்றைக்கு இருந்ததைவிட வெறுமையாயிருந்தது, பிறகு அவள் வாந்தியெடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள்.

எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ரத்தம். ரத்தத்தில் ஒன்றுமில்லையம்மா என்றார்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் ஒல்லி, நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்கள். நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள்! எனக்கு அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. என் பிள்ளையைப்போலத் தட்டைக் காலி செய்கிற பிள்ளை அந்தத் தெருவிலேயே கிடையாது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் கான்வென்ட்டில் எங்களை முட்டி போட வைப்பார்கள், அந்தப் பழக்கத்தில் நானும் ஜெர்லினை டைனிங் டேபிளில் உட்கார வைத்து, மடவை மீனை முள் நீக்கிப் பிசைந்து வைத்து, முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவேன், திரும்பி வந்தால் தட்டு துலக்கினது மாதிரிப் பளிச்சென்று இருக்கும். அம்மாமார்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கைப்பம்படியில் கன்னியம்மாக்கா சொன்னதைக் கேட்டதும் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

“ஜெர்லின், பூசணிக்குச் சோறு போட்டியா?”

அவள் என் கையைப் பார்த்தாள்.

“அடிக்கமாட்டேன், சொல்லு. எத்தனை நாள் போட்ட?”

“எல்லா நாளும்.”

“எவ்வளவு போட்ட?”

அவள் விரலால் கணக்குப் பண்ணினாள். “ஒரு வாய் எனக்கு. அப்புறம் எல்லா வாயும் பூசணிக்கு.” பிறகு மெதுவாக, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “அந்த மீன் மருந்து வாசம் அடிக்கும்மா. பூசணி ஒன்னும் சொல்லாது” என்றாள்.

அடிக்கமாட்டேன் என்று சொன்னவள் அடித்தேன். மொட்டைத் தலையில் என் விரல்கள் ஐந்தும் பதிந்ததைப் பார்த்தபிறகுதான் என் கை நின்றது. அவள் நடக்கப் பழகியதிலிருந்து மூன்று வருஷத்துத் திங்கள் மஞ்சள், மூன்று வருஷத்துப் புதன் ரோஸ், மூன்று வருஷத்துச் சனிக்கிழமைக் கத்தரிப்பூ, எல்லாவற்றையும் நான் முள் நீக்கிப் பிசைந்து பிசைந்து வைத்திருக்கிறேன், என் மகள் டேபிளுக்கு அடியில் நீட்டியிருக்கிறாள், டேபிளுக்கு அடியில் இருந்தவள் வழித்துத் தின்று அதைத் தன் குடலில் எலுமிச்சம்பழமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். என் பிள்ளைக்கு வரவேண்டியதை நாய் வாங்கிக்கொண்டது. நாய்க்கு வரவேண்டியது இப்போது என் பிள்ளைக்கு வருகிறது. இதற்கெல்லாம் நடுவில் நின்றுகொண்டு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது என்று சொன்னவள் நான்.

இரண்டாவது ஊசிக்கு ஜெர்லினின் புருவமும் இமையும் போயின. நாலு நாள் கஞ்சிகூட உள்ளே நிற்கவில்லை. சங்கக் கூட்டம் போட்டார்கள்.

“இன்னும் நாலு ஊசி பாக்கி” என்றார் கிளாரன்ஸ் அண்ணன். மீசையில்லாமல் அவர் முகம் யாரோ பள்ளிக்கூடத்துப் பையனுடையது போல இருந்தது. “மனுஷன் பெருசா, நாய் பெருசா? நிறுத்திடலாம்.”

“நிறுத்தினா நாய் செத்துப்போகும்ணே” என்றார் செல்லப்பன்.

“சாகட்டுமே. எனக்கு மட்டும் சந்தோஷமா? அஞ்சு வருஷம் பால் ஊத்தினவன்டா நான்.” சொல்லிவிட்டு அவர் அழுதார்.

டொமினிக் என் காதருகே, “நம்ம புள்ளய நெனச்சுப் பாரு பிலோ, நிறுத்திடலாம்” என்றார். நான் பிள்ளையைத் தவிர வேறு எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் அடுத்த நாள் பிற்பகல் ஒரு வாழைப்பழத்தைப் பிளந்து, உள்ளே எலி மருந்தைத் தடவி, அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பூசணி சுவரோரம் படுத்திருந்தது. வயிற்றில் தையல் போட்ட கோடு புகைவண்டித் தண்டவாளம் மாதிரி. நான் அதுவரைக்கும் அதற்கு ஒரு பருக்கைகூடப் போட்டதில்லை, என் தலையில் ஒரு முடியும் கொட்டவில்லை, விளக்குமாற்றைத் தவிர என்னிடமிருந்து அது எதையும் கண்டதில்லை. ஆனாலும் பழத்தை நீட்டியதும் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாயைத் திறந்தது, எங்கள் வீட்டிலிருந்து எது வந்தாலும் தின்றுவிடுவதுதான் தன் வேலை என்பதுபோல, இத்தனை வருஷம் அதைத்தானே செய்தேன், இதையும் கொடு என்பதுபோல.

பழத்தைப் பிடுங்கி உப்பங்கழியில் எறிந்தேன். அது இன்னொரு விஷம், உப்பங்கழிக்குத் தெரியவா போகிறது. உள்ளே போய் ஒரு முட்டையை அவித்து, உரித்து, என் கையாலேயே ஊட்டினேன்.

எவ்வளவு போட்டோமோ அவ்வளவு கொட்டும் என்றால், போடுகிறவர்கள் பெருகினால் என் பிள்ளையின் பங்கு குறையும். கணக்கில் நான் மட்டமானவள், ஆனால் இந்த ஒரு கணக்கு எனக்குப் புரிந்தது. காலையில் முட்டை, மத்தியானம் அவித்த கோழி, சாயங்காலம் கஞ்சி, மூன்று வேளையும் மடியில் போட்டுக்கொண்டு ஊட்டினேன். மூன்றாவது ஊசிக்கு ஜெர்லின் ஒரே ஒரு நாள் வாந்தியெடுத்தாள், என் பின்னல் இடுப்புவரைக்கும் இருந்தது, ஒரே இழையாகக் கழன்று விழுந்தது. டொமினிக் அதைக் கீழேயிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

அதற்குள் தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கும் அங்கங்கே உச்சியில் ஒரு பொட்டல், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டல் விழுந்திருந்தது. ஒவ்வொரு அம்மாவும் அவரவர் பிள்ளையைக் கேட்டாள், ஒவ்வொரு பிள்ளையும் டேபிளுக்கு அடியில், ஜன்னலுக்கு வெளியில், படிக்கட்டில் என்று ஒவ்வோர் இடத்தைச் சொன்னது. மறுநாள் காலையில் என் வீட்டுப் பின்பக்கம் வரிசை நின்றது. கன்னியம்மாக்கா கோழி ஈரலோடு வந்தார். கிளாரன்ஸ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் கொண்டுவந்தார், ஸ்டெல்லா டீச்சர் ஆம்லெட் கொண்டுவந்து “உண்மையாவே போடுறேன், பார்த்துக்கோங்க” என்று எல்லோரையும் சாட்சி வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு கரண்டி, அதற்குமேல் போட்டால் வெட்டித் தைத்த குடல் தாங்காது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நாலாவது ஊசிக்குத் தெருவில் எல்லோருக்கும் ஒரு சிட்டிகை முடி கொட்டியது, எல்லோருக்கும் அரைநாள் குமட்டியது, எல்லோரும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஜெர்லின் அன்றைக்கு வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள்.

கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டரம்மா எழுதினார்: பக்கவிளைவு, நோயாளிக்கு இல்லை, தெருவுக்கு உண்டு.

பேப்பரில் ‘மொட்டைத் தெரு’ என்று போட்ட பிறகுதான் கம்பெனியிலிருந்து மேனேஜர் கோகுல்நாத் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சின்னச் சீப்பு, அடர்த்தியான சுருட்டை முடி, பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை வாரிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு ஷாம்பு பாட்டிலும் ஒரு தொப்பியும் கொடுத்தார், தொப்பியில் கம்பெனி பெயர் இருந்தது.

“தண்ணில எந்தப் பிரச்சினையும் இல்ல, ரிப்போர்ட் இருக்கு. இது பொடுகு” என்றார். “இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில லாரித் தண்ணி அனுப்பறோம். சீக்கிரமே புது டேங்க்கும் கட்டித் தர்றோம்.”

கன்னியம்மாக்கா ஒரு தட்டில் பொரித்த மடவைத் துண்டை நீட்டினார். “ரிப்போர்ட் இருக்குல்ல, ஒரு துண்டு சாப்பிடுங்க சார்.”

“ஸாரிம்மா. நான் சைவம்.”

போட்டோகிராபர் தயாராயிருந்தார். மேனேஜர் குந்தி உட்கார்ந்து பூசணிக்கு பிஸ்கட் நீட்டினார். பூசணி பார்த்தது. இன்னொரு பிஸ்கட், பிறகு பாக்கெட்டோடு, பிறகு ஆள் அனுப்பி வாங்கிவந்த ஒரு பேசின் நிறையக் கோழிக்கறி. எலி மருந்து தடவிய பழத்துக்கு வாயைத் திறந்த நாய், அந்தப் பேசினிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்லப்பனின் ஆட்டோவுக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. அவர் கையால் ஒரு பொடிகூட அது தின்னவில்லை, ஆகையால் அவர் தலையிலிருந்து ஒரு மயிர்கூட உதிரவில்லை. கழிவைக் கொட்டியவருக்கு ஒன்றுமில்லை, சோறு போட்டவர்களுக்குத்தான் எல்லாம் என்று அந்த மருந்துக்கும் யாரோ சட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள். படத்தில் பேசினுக்குப் பக்கத்தில் மேனேஜர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார், கம்பெனியின் பராமரிப்பில் நாய் குணமடைகிறது என்று கீழே எழுதியிருந்தது.

ஐந்தாவது ஊசி ஆயிற்று, ஆறாவதும் ஆயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை, குடல் சுத்தம் என்றார் டாக்டரம்மா. தெரு முழுக்கத் தலைகளில் புல் முளைத்தது மாதிரி ஓர் அங்குலம். ஜெர்லினுக்கு முளைத்தது மட்டும் சுருட்டையாக இருந்தது.

புது டேங்க்கை ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, நிறமில்லை, வாசமில்லை, எந்தக் கிழமை என்றே தெரியவில்லை. தண்ணீர் லாரி வருவது நின்றுபோனது. நான் மடவையை எப்போதோ நிறுத்திவிட்டேன், அன்றைக்கு டேங்க் தண்ணீரில் அரிசியும் துவரம்பருப்பும் களைந்து, அதிலேயே குழைய வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து ஜெர்லினின் தட்டில் வைத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுப்படிக்குப் போகவில்லை, எதிரிலேயே உட்கார்ந்தேன்.

பழக்கம் போகுமா, ஒரு வாய் எடுத்து டேபிளுக்கு அடியில் நீட்டினாள். நான் தடுக்கவில்லை.

பூசணி முகர்ந்தது. என் வீட்டுத் தட்டை அது முகர்ந்து பார்த்ததே கிடையாது. முகர்ந்தது, இரண்டடி பின்னால் போனது, வெட்டித் தைத்த அந்தக் குடல் உள்ளே சுருண்டதுபோல வயிற்றை எக்கிக்கொண்டு அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தது.

“அம்மா, பூசணி வேணாங்குது” என்றாள் ஜெர்லின். “அப்போ நானே சாப்பிடவா?”

அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். இந்தத் தடவை பிள்ளையை அடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், பூசணி என் பின்னாலேயே வந்தது, கன்னியம்மாக்கா என் முகத்தையும் தட்டையும் நாயையும் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் வீட்டுத் தட்டோடு வந்தார், நாற்பத்து மூன்றாம் வீடு வந்தது, கிளாரன்ஸ் அண்ணன் மனைவி வந்தார், ஸ்டெல்லா டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வந்தார், உப்பங்கழிப் பாலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், அங்குல முடியோடு அத்தனை பெண்களும், ஆளுக்கொரு தட்டு, எந்தத் தட்டிலும் ஒரு பருக்கை குறையவில்லை.

கேட்டில் டொமினிக் நின்றார்.

“பிலோ, வேலை போயிடும்” என்றார்.

“ஆமாங்க” என்றேன். “போயிடும்.”

அவர் என் தட்டைப் பார்த்தார், என் காலருகே நின்ற பூசணியைப் பார்த்தார். தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்துவிட்டு இரண்டு கதவையும் அகலமாகத் திறந்துவிட்டார்.

மேனேஜர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் சீல் வைத்த தண்ணீர் பாட்டில்கள் ஆறு இருந்தன. நான் தட்டை அவர் முன்னால் வைத்தேன். பூசணி மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“என்னம்மா இது?”

“பருப்புசாதம் சார். உங்க டேங்க் தண்ணில வேகவச்சது. சைவம்.”

அவர் என் பின்னால் பார்த்தார். கதவு நிறைய, வராந்தா நிறைய, படிக்கட்டு நிறையத் தட்டுகள். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார், வாராமலே திரும்ப வைத்தார்.

“நான் இப்பதாம்மா சாப்பிட்டேன். வயிறு ஃபுல்.”

“என் பொண்ணும் இதையேதான் சார் சொல்லுவா.”

நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். நெய் ஆறிப்போவதற்குள் ஒரு வாய் நன்றாகப் பிசைந்து, மூன்று வருஷம் பிசைந்த கை, உருட்டி அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

“ஆ காட்டுங்க. ஒரே ஒரு வாய். முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

அவர் கண் மெதுவாக மேஜைக்கு அடியில் போனது.

“அங்க பார்க்காதீங்க சார்” என்றேன். “அவ சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு முடிச்சுட்டா.”